பாரிஸின் தங்கப் பொடி டப்பாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் பொற்கொல்லர்கள் செய்த தங்கச் சிறுபெட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். அவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் பட்டறைக்குள்ளேயே நுழைந்து பார்த்தாக வேண்டும்.

முதலில், இது என்ன பெட்டி?

மூக்குப்பொடி டப்பாதான். பிரெஞ்சில் தபாத்தியேர் என்பார்கள். எட்டு சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் அகலம், மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் மறைந்துவிடும். கையில் எடுத்தால் ஒரு கனம் தெரியும். 150 கிராம் எடையுள்ள பெட்டி என்று வைத்துக்கொண்டால், நம் கணக்கில் ஏறக்குறைய 19 பவுன். ஆனால் அன்றைய பாரிஸில் இதன் விலையைத் தீர்மானித்தது பவுன் கணக்கு அல்ல. நகைக்கடையில் பில்லைப் பார்த்து நாம் முகம் சுளிக்கும் 'செய்கூலி' இருக்கிறதே, அதுதான் இந்தப் பெட்டிகளின் உண்மையான விலை.

மூக்குப்பொடி போட யாராவது தங்கத்தில் டப்பா செய்வார்களா?

அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் அருகில் இருந்தால், கைக்கடிகாரத்துக்கு எதற்கு வைரம் என்று உங்களைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ 1560 வாக்கில் புகையிலையைத் தம் அரசவைக்கு அனுப்பிவைத்தார். தலைவலிக்கு மருந்து என்று சொல்லி அது அரசி கத்தரீன் தெ மெதிசியிடம் போய்ச் சேர்ந்தது. நிக்கோட்டின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். தொடக்கத்தில், சுருட்டி இறுக்கிய புகையிலையைத் தேங்காய்த்துருவி மாதிரியான ஒரு சிறு துருவியில் அவரவரே தேய்த்துப் பொடியாக்கிக்கொண்டார்கள். அரைத்த பொடி கடைக்கு வந்தபோது துருவியின் வேலை முடிந்தது, டப்பாவின் வேலை தொடங்கியது. பொடிக்குக் காற்று பட்டால் மணம் போகும், உலர்ந்தும் போகும். ஆகவே இறுக மூடும் டப்பா வேண்டும்.

பதினான்காம் லூயிக்குப் புகையிலை பிடிக்காது. அரசருக்குப் பிடிக்காததை அவர் கண்முன்னே யார் தைரியமாக உறிஞ்சுவார்கள்? 1715இல் அவர் இறந்தார். சிறுவனான பதினைந்தாம் லூயிக்காக ஓர்லேயான் கோமகன் ஆட்சியை நடத்திய 1723 வரையிலான ஆண்டுகளில் அவையின் இறுக்கம் தளர்ந்தது. உயர்குடியினர் வெர்சாய் அரண்மனையை விட்டுப் பாரிஸ் வீடுகளுக்குத் திரும்பினார்கள். வரவேற்பறை, அரட்டை, சீட்டாட்டம் என்று வாழ்க்கை மாறியபோது கையில் வைத்து விளையாட ஒரு பொருள் தேவைப்பட்டது. டப்பாவை எடுப்பது, மூடியை விரலால் தட்டுவது, திறப்பது, பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவது, ஒரு சிட்டிகை எடுப்பது, மூடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு பாங்கு உண்டு. பேச்சில் பதில் சிக்காதபோது டப்பாவைத் திறந்து நேரம் கடத்தலாம் என்பது கூடுதல் வசதி.

பொடியைத் தவிர வேறு எதற்கும் பயன்பட்டதா?

உண்டு. முகத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டுப் பொட்டுகளுக்குத் தனிப் பெட்டி. உள்ளே சின்னக் கண்ணாடியும் தூரிகையும் இருக்கும். இனிப்பு வில்லைகளுக்கு வட்டப் பெட்டி. ஊசி, கத்தரிக்கோல், மெழுகுக் குச்சி வைக்க நீளக் கூடு. எல்லாம் ஒரே பட்டறைகளிலிருந்து வந்தவைதான். இருந்தாலும் மனத்தைக் கொட்டிச் செய்தது பொடி டப்பாவைத்தான்.

யார் செய்தார்கள்?

பாரிஸ் பொற்கொல்லர் சங்கத்தைச் சேர்ந்த ஆசான்கள். சங்கம் என்றதும் மாலையில் கூடித் தேநீர் குடிக்கும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசான்களின் எண்ணிக்கைக்கு 300 என்று உச்சவரம்பு இருந்தது. ஓர் இடம் காலியானால்தான் அடுத்தவர் உள்ளே வரலாம். வெளியாள் ஒருவர் நுழைய எட்டு ஆண்டு மாணாக்கராக இருக்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று ஆண்டு கூலிக்கு வேலை செய்ய வேண்டும், அதன்பின் சங்க மண்டபத்தில் உட்கார்ந்து தேர்வு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். ஆசானின் மகனுக்கு மட்டும் இந்த வழி நிரம்பச் சுருக்கம். ஆசான் இறந்தால் அவர் மனைவி பட்டறையைத் தொடர்ந்து நடத்தலாம். பல விதவைகள் நடத்தினார்கள்.

பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த இடம் சேன் ஆற்றின் நடுத்தீவு: தோஃபின் சதுக்கமும் 'பொற்கொல்லர் கரை' என்ற பெயரை இன்றும் தாங்கியிருக்கும் ஆற்றங்கரையும். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான ழான் துக்ரோலே 1734இல் ஆசானானவர். அவர் பட்டறை அங்கேதான் இருந்தது. லூயி ரூசெல், பியேர்-ஃபிரான்சுவா த்ரே, ழோசெஃப்-எத்தியேன் ப்ளெர்ஸி, வாஷெத் என்று அடுத்தடுத்து வந்தவர்களின் பெயர்களை அருங்காட்சியகச் சீட்டுகளில் பார்க்கலாம்.

அப்படியானால் துக்ரோலே பெட்டி என்றால் முழுவதும் துக்ரோலே கையால் செய்ததா?

இல்லை. இந்தக் கேள்விக்காகவே இப்படி ஒரு பக்கம் எழுதலாம்.

ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒரு தெருவே இருந்தது. வடிவத்தை வரைந்து கொடுப்பவர் ஒருவர். தகட்டை அடித்துப் பெட்டியாக்குபவர் இன்னொருவர். கீல் வைப்பவர் தனி. உளியும் சுத்தியும் வைத்துத் தட்டித் தட்டிப் பூவையும் கொடியையும் எழுப்புபவர் தனி. கோடு கீறுபவர் தனி. கடைசலில் அலைக்கோடு இழுப்பவர் தனி. எனாமல் ஓவியம் இன்னொரு வீட்டில் நடந்தது. சிற்றோவியக்காரர் பொற்கொல்லரே அல்லர். வைரம் பதிப்பவர் வேறு. கடைசியாக மெருகேற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கை படாமல் எந்தப் பெட்டியும் கடைக்குப் போகவில்லை, அவர்கள் பெயரும் எந்தப் பெட்டியிலும் இல்லை. பட்டறையின் முத்திரை ஒன்றே ஒன்றுதான்: ஆசானுடையது. தங்கத்தின் தரத்துக்குப் பொறுப்பு ஏற்பவர் யார் என்பதை அந்த முத்திரை சொல்கிறது. உழைத்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை. 'துக்ரோலே பெட்டி' என்று படிக்கும்போதெல்லாம் 'துக்ரோலே பொறுப்பேற்ற பெட்டி' என்று மனத்துக்குள் திருத்திக்கொள்வது என் வழக்கம்.

இத்தனை கைகளில் மிகக் கடினமான வேலை எது?

பார்ப்பவர்கள் எனாமல் என்பார்கள். நான் கீல் என்பேன்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இடத்தில், குச்சி மாதிரி மெலிந்த தங்கக் குழல்கள் வரிசையாக இருக்கும். ஒன்று மூடியோடு சேர்ந்தது, அடுத்தது பெட்டியின் உடலோடு சேர்ந்தது, மறுபடி மூடி, மறுபடி உடல். எல்லாவற்றின் நடுவிலும் ஓர் ஊசி ஓடும். ஒரு குழல் மயிரிழை சாய்ந்து பற்றிக்கொண்டாலும் மூடி கோணிக்கொள்ளும். பெட்டியை மூடிவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் கீல் இருக்கும் பக்கம் எது என்றே தெரியக் கூடாது. சுவரின் கனத்துக்குள்ளேயே அது ஒடுங்கியிருக்க வேண்டும். முன்பக்கம் கட்டைவிரல் நகம் படும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. அதைத் தூக்கினால் மூடி தடையில்லாமல் எழும்பும். விட்டால் மென்மையாக ஒரு 'டிக்'. நல்ல பெட்டி இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் அதே ஒலியோடு மூடுகிறது.

பற்றவைப்பில் இன்னொரு சூட்சுமம். நம் பட்டறைகளில் பொடி வைத்து ஊதுவார்கள் இல்லையா ('பொடி வைத்துப் பேசுவது' அங்கிருந்து வந்ததுதான் என்பார்கள்), அதே கதைதான். ஒரே பெட்டியில் பல இடங்களில் பற்றவைக்க வேண்டியிருப்பதால், முதல் இணைப்புக்கு அதிகச் சூட்டில் உருகும் பற்றாசு, அடுத்ததற்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகுவது என்று இறங்குவரிசையில் போக வேண்டும். வரிசை தவறினால் கீலைப் பற்றவைக்கும்போது அடித்தளம் கழன்று கையோடு வரும்.

நாலு நிறத் தங்கம் என்கிறார்களே, சாயமா?

சாயம் இல்லை, கலவை. தங்கத்தில் செம்பைக் கூட்டினால் சிவப்பு. வெள்ளியைக் கூட்டினால் இளம்பச்சை, இன்னும் கூட்டினால் வெளுப்பு. இரும்பைச் சேர்த்தால் சாம்பலோடிய நீலம். இந்தத் தங்கங்களைத் தனித்தனியாக இலை, பூ, நாடா, புறா என்று வெட்டி, மஞ்சள் தங்கத்தின் மேல் பற்றவைத்து, பிறகு செதுக்குவார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பெரும் மோகமாயிற்று. நேரில் பார்க்கும்போது முதலில் ஒன்றும் தெரியாது, எல்லாம் தங்கம்தான். வெளிச்சம் சாயும் கோணம் மாறியதும் ரோஜா சிவந்து, இலை பச்சையாகப் பிரியும். கத்திச் சொல்லாத நிறம். வைரம் பதித்த பெட்டிகளைவிட இவற்றையே நான் உயர்த்திச் சொல்வேன்.

எனாமல் வேலை எப்படி?

அரைத்த வண்ணக் கண்ணாடிப் பொடியைத் தங்கத்தின் மேல் பூசி உலையில் உருக்கி ஒட்டவைப்பது. இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, தங்கத்தில் கடைசல் இயந்திரத்தால் நெருக்கமான அலைக்கோடுகளை வெட்டிவிட்டு (இதற்குக் கியோஷே என்று பெயர்), மேலே ஒளி ஊடுருவும் நீலத்தையோ பச்சையையோ பூசுவது. பெட்டியை அசைத்தால் அடியில் கோடுகள் நீருக்குள் நெளிவதுபோலத் தெரியும். பதினாறாம் லூயி காலத்து முட்டைவடிவப் பெட்டிகளில் இது நிறைய உண்டு.

மற்றது எனாமல் ஓவியம். பெட்டியின் தங்கச் சுவர் மேலேயே நேரடியாக ஓவியம் தீட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக உலையில் வைத்து எடுக்க வேண்டும். அதிகச் சூடு கேட்கும் நிறம் முதலில், குறைவாகக் கேட்பது கடைசியில். ஐந்தாவது முறை உலையில் வைக்கும்போது ஒரு விரிசல் விழுந்தால், அதற்கு முன் செய்த நான்கும் வீண்.

பெட்டியில் தங்கம் மட்டும்தானா?

தங்கத்தைச் சட்டமாக மட்டும் செய்து, நடுவில் வேறு பொருள்களைப் பலகைபோல் பொருத்தும் முறையும் உண்டு. 'கூண்டுப் பெட்டி' என்பார்கள். ஜப்பானிய அரக்குவேலை, ஆமையோடு, சிப்பி, பிரான்சின் செவர் ஊர்ப் பீங்கான், வண்ணக் கற்கள், கண்ணாடிக்கு அடியில் சிற்றோவியம், எதுவும் பொருந்தும். ஜப்பானிலிருந்து வந்த பெரிய அரக்குப் பெட்டியை வாங்கி, ஈவிரக்கமில்லாமல் அறுத்து, அந்தத் துண்டுகளில் பொடி டப்பா செய்தார்கள். அரக்கு கிடைக்காதவர்களுக்கு, அதைப்போலவே மினுங்கும் ஒரு வார்னிஷைப் பாரிஸிலேயே மார்த்தேன் சகோதரர்கள் செய்து கொடுத்தார்கள்.

தங்கத்தின் மாற்று, அதாவது தரம், என்ன?

1721ஆம் ஆண்டு விதிப்படி இத்தகைய சிறு பொருள்களுக்கு 20¼ காரட் போதும். இருபத்திரண்டு எங்கே என்று நம்மவர்கள் புருவம் உயர்த்துவார்கள். தினமும் திறந்து மூடும் பெட்டிக்குச் சற்றுக் கடினமான தங்கம்தான் தாங்கும். கீலும் விளிம்பும் இளகிய தங்கத்தில் நாள்பட நிற்காது. தரத்தைச் சங்க மண்டபத்தில் உரைகல்லில் உரைத்தும் புடம்போட்டும் சோதித்தார்கள்.

உள்ளே இருக்கும் கடுகளவு முத்திரைகளுக்கு என்ன பொருள்?

மூடியின் உட்புறம், அடியின் உட்புறம், பக்கச் சுவர் என்று தேடினால் அவை கிடைக்கும். அவற்றை வரிசையாகப் படித்தால் பெட்டி பட்டறையிலிருந்து கடைக்குப் போன வழி தெரிந்துவிடும்.

முதலில் ஆசானின் முத்திரை. கிரீடம் சூடிய லில்லிப் பூ, இரண்டு புள்ளிகள், பெயரின் முதலெழுத்துகள், அவருக்கென ஒரு சின்னம். அந்த இரண்டு புள்ளிகள் அலங்காரம் அல்ல; வெள்ளியின் தரத்தில் அனுமதிக்கப்பட்ட சிறு குறைவுக்கான அளவை அவை குறிக்கின்றன. வேலை பாதியில் இருக்கும்போதே பெட்டியை வரிக் குத்தகைக்காரரிடம் (அரசுக்காக வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்) கொண்டுபோவார்கள். 'இதன்மேல் வரி உண்டு' என்பதற்கு அங்கே ஒரு முத்திரை. பிறகு சங்க மண்டபம். தரம் சரியாக இருந்தால், கிரீடம் வைத்த ஓர் ஆண்டெழுத்து. வேலை முடிந்து வரியையும் கட்டியபின், 'கணக்குத் தீர்ந்தது' என்று இன்னொன்று. முடிந்த வேலையைக் கெடுக்கக் கூடாதே என்று இந்தக் கடைசி முத்திரையை மிகமிகச் சிறியதாக வைத்திருப்பார்கள்.

ஆண்டெழுத்து ஆண்டுதோறும் மாறும். வரிக் குத்தகைக்காரர் மாறும்போது அவருடைய முத்திரைகளும் மாறும். எலுவா ப்ரிஷார் பெயரிலான குத்தகை 1756 முதல் 1762 வரை, ப்ரெவோ பெயரில் 1762 முதல் 1768 வரை, அலாத்தேர் பெயரில் 1768 முதல் 1775 வரை. ஆகவே இந்த இரண்டும் தெளிவாக இருந்தால் ஒரு பெட்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைப் பிறப்புச் சான்றிதழ்போல் சொல்லிவிடலாம். வேறெந்தக் கலைப்பொருளிலும் இவ்வளவு துல்லியம் எளிதில் வாய்ப்பதில்லை. இந்த வசதியைச் செய்துகொடுத்தது கலை ஆர்வம் அல்ல, வரி வசூல்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 1730 முதல் பிரான்சின் புகையிலை ஏகபோகமும் அதே வரிக் குத்தகை நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. பெட்டியிலும் அவர்களுக்குக் காசு, பெட்டிக்குள் போடும் பொடியிலும் அவர்களுக்குக் காசு.

வாங்குபவர்கள் நேராகப் பட்டறைக்கே போவார்களா?

போகலாம். ஆனால் பணக்காரர்கள் பெரும்பாலும் சேந்த்-ஒனொரே தெருக் கடைகளுக்குத்தான் போனார்கள். அங்கே மெர்சியே வணிகர்கள் என்றொரு கூட்டம். 'எல்லாவற்றையும் விற்பவர்கள், எதையும் செய்யாதவர்கள்' என்று அந்தக் காலத்திலேயே அவர்களைப் பற்றிச் சொன்னார்கள். எதையும் தாமே செய்ய அவர்களுக்குச் சங்க விதிகளில் அனுமதி இல்லை. அதனால் அவர்கள் செய்தது வேறு: அரக்கை ஓரிடத்தில் வாங்கி, தங்கச் சட்டத்தை ஓரிடத்தில் சொல்லி, ஓவியத்தை ஓரிடத்தில் எழுதவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து 'இதுதான் இந்தப் பருவத்தின் பாணி' என்று வாடிக்கையாளரிடம் நீட்டினார்கள்.

லஸார் துவோ என்ற வணிகரின் 1748 முதல் 1758 வரையிலான நாட்குறிப்பேடு பிழைத்திருக்கிறது. அதில் அடிக்கடி வரும் பெயர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூர். அவர் தனக்காக வாங்கினார், கொடுப்பதற்காகவும் வாங்கினார். கோந்தி கரையில் க்ராந்ஷே நடத்திய 'சின்ன டன்கிர்க்' கடை இன்னொரு புகழ்பெற்ற இடம்.

பாணியும் லேசாக எடுத்துக்கொள்ளும் விஷயமாக இல்லை. கோடைக்கு இலகுவான டப்பா, குளிர்காலத்துக்குக் கனமானது. ரசனையுள்ள மனிதரை இதை வைத்தே அடையாளம் காண்கிறார்கள் என்று எழுத்தாளர் லூயி-செபாஸ்தியேன் மெர்சியே கிண்டலடித்தார்.

அரசர்கள் ஏன் எல்லோருக்கும் பெட்டியாகவே கொடுத்தார்கள்?

ஒரு தூதர் ஒப்பந்தத்தை முடித்துத் தந்துவிட்டுக் கிளம்புகிறார். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பணமாகக் கொடுத்தால் லஞ்சம், வாங்குபவருக்கும் அவமானம். மூடியில் அரசரின் உருவப்படம் வைத்து, சுற்றிலும் வைரம் பதித்து ஒரு பெட்டி கொடுத்தால் அது கௌரவம். வைரத்தின் எண்ணிக்கையும் அளவும் பெறுபவரின் தகுதிக்கேற்பக் கூடும், குறையும். பதினான்காம் லூயி காலத்திலேயே இது நடைமுறையாகிவிட்டது. ஆனால் அப்போது 'உருவப்படப் பெட்டி' என்றால் பொடி டப்பா அல்ல, வைரச் சட்டமிட்ட ஒரு பதக்கம்.

இனிதான் சுவையான பகுதி. வாங்கிக்கொண்ட தூதர் பலமுறை நேராக நகைக்காரரிடமே போவார். உருவப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைப் பணமாக மாற்றிக்கொள்வார். நகைக்காரர் அந்தப் பெட்டியை மறுபடி அரண்மனைக்கே விற்பார். புதிய படம் ஒன்று பொருத்தப்பட்டு, அதே பெட்டி அடுத்த தூதருக்குப் பரிசாகப் போகும். யாருக்கும் இதில் வெட்கமில்லை. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. கல்யாண வீட்டில் வந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஊரைச் சுற்றி மறுபடி நம் வீட்டுக்கே வருவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. அதனால்தான் இந்தப் பெட்டிகளைக் கலைப்பொருள் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இவை நாகரிகமாக உடுத்திக்கொண்ட பணம்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் ஒன்று கிடைத்ததாமே?

1785இல் அமெரிக்கத் தூதரான அவர் பிரான்சைவிட்டுக் கிளம்பும்போது பதினாறாம் லூயி கொடுத்தது: 408 வைரங்களுக்கு நடுவே அரசரின் சிற்றோவியம். பொடி டப்பா என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். ஃபிராங்க்ளினின் உயிலில் இருப்பது 'வைரம் பதித்த பிரான்ஸ் அரசரின் படம்' என்பதுதான். மன்னராட்சியை உதறிவிட்டு வந்த புதிய குடியரசின் தூதர் மன்னரின் வைரத்தை வாங்கலாமா என்பது சங்கடமான கேள்வி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதலோடு அவர் வைத்துக்கொண்டார். வெளிநாட்டு அரசர்களிடமிருந்து காங்கிரஸ் சம்மதமின்றிப் பரிசு பெறக் கூடாது என்று 1787 அரசியல் சட்டத்தில் இருக்கும் விதியைப் பேசும்போதெல்லாம் இந்தப் படமும் பேச்சில் வந்துவிடுகிறது.

உயிலில் அதை மகள் சாராவுக்கு எழுதிவைத்தார், ஒரு வேண்டுகோளோடு: இந்த வைரங்களை எடுத்து உனக்கோ உன் பெண்களுக்கோ நகை செய்துவிடாதே, இந்த நாட்டில் அந்த வீண் பழக்கத்தைக் கொண்டுவராதே. சாரா நகை செய்யவில்லை. சில வைரங்களை விற்றுக் கணவரோடு ஐரோப்பாவுக்குப் பயணம் போய்வந்தார். அப்பாவின் சொல்லையும் மீறவில்லை, தன் ஆசையையும் விடவில்லை. படம் இப்போது ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கிறது. வைரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

அதிகமாகச் சேர்த்துவைத்தவர் யார்?

1776இல் இறந்த கோந்தி இளவரசர் 800 பெட்டிகள் விட்டுச்சென்றார் என்பார்கள். பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடெரிக் இன்னொரு பித்தர். பெர்லின் பட்டறைகளை வளர்ப்பதற்காகப் பிரெஞ்சுப் பெட்டிகளின் இறக்குமதிக்கே தடை போட்டவர். 1759இல் குனெர்ஸ்டோர்ஃப் போர்க்களத்தில் அவர்மேல் பாய்ந்த குண்டு சட்டைப்பையில் இருந்த பொடி டப்பாவில் பட்டு நசுங்கிப்போனது. நசுங்கிய டப்பா இன்னும் இருக்கிறது. பொடி போடுவது உயிரைக் காக்கும் என்று நிரூபித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

ஒரே ஒரு பெட்டியைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

ஷுவாசல் பெட்டியை. தங்க வேலை லூயி ரூசெல், 1770-71. மூடி, அடி, நான்கு பக்கங்கள் என ஆறு சிற்றோவியங்கள்; தீட்டியவர் லூயி-நிக்கோலா வான் பிளாரென்பெர்க்.

பதினைந்தாம் லூயியின் அமைச்சரான ஷுவாசல் கோமகனின் ரிஷெலியூ தெரு மாளிகையின் அறைகள்தான் பெரும்பாலான ஓவியங்களில் இருக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் கோமகனே மேஜையருகில் வேலையாக இருக்கிறார். மெத்தை போட்ட நாற்காலிகள், திரைகள், எழுத்து மேஜை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சுவரில் தொங்கும் ஓவியங்கள் ஒவ்வொன்றும் நகத்தைவிடச் சிறியவை. இருந்தும் அவற்றில் பலவற்றை இது இன்னாருடைய இன்ன ஓவியம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

1770 டிசம்பரில் அரசர் அவரைப் பதவியிலிருந்து நீக்கி ஊர்ப்புறத்துக்கு அனுப்பிவிட்டார். 1772இல் அந்த ஓவியங்கள் ஏலத்துக்குப் போயின. ஆக, தன் வீடு கைநழுவும் தறுவாயில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட மனிதர். நெடுங்காலம் தனியார் கையில் இருந்த பெட்டியை அண்மையில் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி லூவர் அருங்காட்சியகம் வாங்கியது.

போலிகள் உண்டா?

உண்டு, அந்தக் காலத்திலிருந்தே. ஜெனீவாவிலும் ஜெர்மனியின் ஹனாவிலும் நல்ல பட்டறைகள் இருந்தன. பாரிஸ் பெயருக்குத்தான் விலை என்பதால் பாரிஸ் முத்திரைபோலத் தோன்றும் முத்திரைகளைக் குத்தி அனுப்பினார்கள். இவை மட்டமான சரக்கு அல்ல. சில, சுமாரான பாரிஸ் பெட்டிகளைவிட அழகானவை. பெயரில்தான் பொய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்கள் பெருகியபோது வந்த நகல்கள் வேறு வகை. அவை ஏமாற்றவே பிறந்தவை.

தொழில் ஏன் நின்றது?

புரட்சி வந்தது, சங்கங்கள் 1791இல் கலைக்கப்பட்டன. தங்க டப்பாவை வெளியில் எடுப்பதே ஆபத்தான காலத்தில் கொம்பிலும் காகிதக்கூழிலும் செய்த பெட்டிகள் பையில் இடம்பிடித்தன. 1797இல் புதிய முத்திரைச் சட்டம் வந்தது. தரம் 18, 20, 22 காரட் என மூன்றாயிற்று. நெப்போலியன் பொடிப் பிரியர், பரிசுப்பெட்டிப் பழக்கத்தையும் உயிர்ப்பித்தார். 1779இல் ஆசானான வாஷெத் அரசாட்சி, புரட்சி, பேரரசு, மீண்டும் அரசாட்சி என எல்லாவற்றையும் தாண்டி வேலை செய்து 1839இல் இறந்தார். அதற்குள் ஊரே சுருட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது.

எங்கே பார்க்கலாம்?

பாரிஸில் லூவர், கொன்யாக்-ழே; லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் தொகுப்பு, வாலஸ் தொகுப்பு; நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன். இங்கிலாந்தின் வாடெஸ்டன் மாளிகையிலும் நிறைய இருந்தன. 2003இல் திருடர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளையும் சிறுபொருள்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2024 நவம்பரில் கொன்யாக்-ழே அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில், பார்வையாளர்கள் இருக்கும்போதே, கோடரியால் கண்ணாடியை உடைத்து ஏழு பெட்டிகளை எடுத்துப்போனார்கள். சில பின்னர் மீட்கப்பட்டன. இத்தகைய பெட்டியை உருக்கினால் கிடைப்பது இருபது பவுனுக்குள் அடங்கும் தங்கம். செய்கூலி உலையில் ஆவியாகிவிடும்.

போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

மூடி ஓவியத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பல இடங்களில் பெட்டிக்கு அடியில் கண்ணாடி வைத்திருப்பார்கள். குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், மேலே இருக்கும் அளவு வேலை அங்கேயும் இருக்கும். திறந்து வைத்த பெட்டியானால் விளிம்பில் முத்திரைகளைத் தேடுங்கள். மூடியிருந்தால் பக்கவாட்டில் நின்று கீல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். சட்டென்று தெரிந்துவிட்டால் அது நடுத்தரமான பெட்டி.